நர்ஸ் வீட்டில் குடியிருந்த தலைமைத்துவம்

ஆஸ்திரேலியப் பாலைவனத்துப் பழங்குடி ஊரான நுமாரிக்குத் தலைமைத்துவம் ஒரு வெள்ளை லேண்ட்குரூசர் வண்டியில் வந்து இறங்கியது. அந்த நேரத்தில் கான்ராட் கிளினிக் வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்து, கழன்று தொங்கிய புகைக்குழாயைக் கம்பி போட்டுக் கட்டிக்கொண்டிருந்தான். அதனால் அவன் கண்ணில் முதலில் பட்டது தலைமைத்துவத்தின் செருப்பு. புத்தம் புதுசு. இன்னும் செம்மண் ஏறாதது.

"நீங்கதான் கான்ராடா? நான் ஃபிலிப்பா. மெல்போர்ன்ல இருந்து வர்றேன். உங்க எல்லார்கிட்டயும் கத்துக்கிறதுக்காக வந்திருக்கேன்" என்றது செருப்புக்கு மேலே இருந்த குரல்.

"வீட்டுச் சாவி ஆபீஸ்ல இருக்கும்" என்றான் கான்ராட் படுத்தபடியே. கத்துக்கொள்ள வருகிறவர்கள் முதலில் கேட்பது அதைத்தான்.

அந்த வீட்டைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். நுமாரி சமூக சுகாதார சேவையிடம் காலியாக இருந்தது அந்த ஒரு வீடுதான். டயாலிசிஸ் நர்ஸுக்காகக் கட்டியது. கிளினிக்கில் டயாலிசிஸ் அறை தயாராக இருந்தது. சாய்மான நாற்காலி இரண்டு, பிளாஸ்டிக் உறை பிரிக்காத மெஷின் இரண்டு, ஊரிலேயே ஒழுங்காக ஓடும் ஒரே ஏசி. ஓர் அமைச்சர் வந்து நாடா வெட்டி, கங்காரு வால் ஒரு கடி கடித்துவிட்டுப் போயிருந்தார். நர்ஸும் கிடைத்துவிட்டாள். அடிலெய்டில் பெட்டி கட்டிவைத்துக் காத்திருந்தாள். ஆனால் அதற்குள் நர்ஸ் ஏன் இன்னும் வரவில்லை என்று ஆராய ஓர் அதிகாரி வந்து, தங்க வேறு இடமில்லாததால் நர்ஸ் வீட்டில் தங்கினார். எட்டு மாதம் தங்கி ஆராய்ந்தார். ஊரில் தலைமைத்துவம் போதவில்லை, அதுதான் காரணம் என்று கண்டுபிடித்துவிட்டுப் போனார். அவர் பெட்டி வெளியே போனதும் ஃபிலிப்பாவின் பெட்டி உள்ளே போனது.

கான்ராடுக்குத் தலைமைத்துவம் பற்றி ஒரு கருத்தும் கிடையாது. அவனுக்கு வேண்டியது அந்த வீடு காலியாவது. அவன் மனைவி ரேலீனின் அம்மாவுக்குச் சிறுநீரகம் இரண்டும் போய்விட்டது. வாரம் மூன்று முறை மெஷினில் படுக்க வேண்டும் என்பதால் ஒரு நாள் வண்டி ஓட்டத் தூரத்தில், ஆலிஸ் நகரத்தில், ஒரு விடுதி அறையில் இருந்தாள். அவளுடைய மண், அவளுடைய நாய்கள், அவளுடைய சண்டைகள் எல்லாம் இங்கே இருந்தன.

கான்ராட் தன் மாமியாரின் முகத்தைப் பார்த்ததில்லை. ரேலீனை அவனுக்கு என்று பேசிவைத்த நாளிலிருந்து பார்க்கக் கூடாது. பேசக் கூடாது, பெயரைச் சொல்லக் கூடாது, ஒரே கூரைக்குக் கீழ் இருக்கக் கூடாது. சண்டையெல்லாம் இல்லை. அங்கே மரியாதை என்றால் அதுதான். அதோடு மருமகனாகப்பட்டவன் ஆயுசுக்கும் மாமியாருக்கு இறைச்சி கொடுக்கக் கடமைப்பட்டவன். நோயாளிகளை ஏற்றிக்கொண்டு ஆலிஸ் போகும்போதெல்லாம் கான்ராட் சுட்ட கங்காரு வாலை விடுதியின் குட்டைச் சுவரில் வைப்பான். ஹாரன் அடிப்பான். பிறகு வண்டிக்குப் பின்னால் போய், எதிர்ப்பக்கத்து டயர் கடையின் சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்பான். திரும்பி வந்து பார்த்தால் சுவர் காலியாக இருக்கும். அவர்களுக்குள் அத்தனை அன்னியோன்னியம்.

முதல் பயிலரங்கம் டயாலிசிஸ் அறையில் நடந்தது. ஏசி அங்கேதான் இருந்தது. ஒரு சாய்மான நாற்காலியில் ஃபிலிப்பாவும் இன்னொன்றில் முதன்மைச் செயல் அலுவலர் ட்ரெவர் பின்னாக்கும் உட்கார்ந்தார்கள். ட்ரெவர் தற்காலிகம். அவருக்கு முன்னால் இருந்தவரும் தற்காலிகம்தான். ஊர்க்காரர்கள் தரையில் உட்கார்ந்தார்கள்.

"நான் இங்க பேச வரலை. கேக்க வந்திருக்கேன்" என்று ஆரம்பித்த ஃபிலிப்பா, மத்தியானச் சாப்பாடு வரும்வரை நிறுத்தவில்லை. "தலைமைங்கிறது பதவி இல்லை. தலைமைங்கிறது ஒரு பயணம். நாம எல்லாரும் ஒரே படகுல இருக்கோம்."

கான்ராடின் மச்சான் லெஸ்டர், ரேலீனின் அண்ணன், கிளினிக் தோட்டத்துக்குத் தண்ணீர் விடுகிறவன், மெதுவாகக் கேட்டான்: "மச்சான், இங்க ஆத்துல தண்ணி வந்தே ஏழெட்டு வருஷம் ஆச்சே. எந்தப் படகைச் சொல்லுது இந்த அம்மா?"

சுகாதார சேவையின் தலைவர் ஹெட்லி பெரியவர். கை தூக்காமலே பேசினார். "இந்தாம்மா, தலைவருங்க இங்க ஏற்கெனவே இருக்காங்க. மழைக்கு ஒருத்தன், நெலத்துக்கு ஒருத்தன், சாவுக்கு ஒருத்தன். யார் யாருன்னு நாய்க்குக்கூடத் தெரியும். இல்லாதது நர்ஸுதான்."

"இதைத்தான் நாங்க குறையைப் பாக்கிற மனநிலைன்னு சொல்வோம்" என்றாள் ஃபிலிப்பா கனிவாக. "இல்லாததைப் பாக்க வேண்டாம். இருக்கிறதைப் பாப்போம்."

எல்லோரும் இருந்ததைப் பார்த்தார்கள். மெஷின் இரண்டு இருந்தது. கடைசியில் ஏதாவது கேள்வி உண்டா என்றாள் ஃபிலிப்பா. கான்ராட் கேட்டான்.

"நீங்க எப்ப போவீங்க?"

அவன் அதை விரோதமாகக் கேட்கவில்லை. பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்பது போலத்தான் கேட்டான். ஆனால் ஃபிலிப்பாவின் கண் கலங்கியது.

"இதுதான்" என்றாள். "ட்ரெவர், கவனிச்சீங்களா? அதிகாரத்துக்கு முன்னாடி நின்னு உண்மையைப் பேசுற துணிச்சல். இதைத் தேடித்தான் நான் வந்தேன்."

கான்ராட் 'உருவாகும் தலைவர்' ஆனான். ஒரு பச்சைச் சட்டை கொடுத்தார்கள்.

மறுவாரம் அவன் பச்சைச் சட்டை போட்டுக்கொண்டு ட்ரெவரின் அறைக்குப் போய், வீடு எப்போது காலியாகும் என்று கேட்டான். விடாமுயற்சி என்று ட்ரெவர் அதைப் புரிந்துகொண்டார். 'உருவான தலைவர்' ஆக்கினார். அதற்கு அடுத்த வாரம் கேள்வி கேட்காமல் வாசலில் நின்று வீட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். அது தொலைநோக்கு என்று தீர்மானமாகி, 'மூத்த தலைவர்' ஆனான். தலைவர்கள் வண்டி ஓட்டக் கூடாது என்பதால் சாவியை வாங்கிக்கொண்டார்கள். மாற்று ஓட்டுநரைத் தேடினார்கள். அவர் வந்தால் தங்க வீடு வேண்டுமே என்பதால் தேடுவதை நிறுத்தினார்கள். வண்டி வேலியோரம் நின்றது. அதன் நிழலில் ஒரு நாய் ஐந்து குட்டி போட்டது.

கங்காரு வால் ஆலிஸுக்குப் போவது நின்றுபோனது.

ரேலீனுக்கு அம்மா போன் செய்வாள். போன் அடித்ததுமே கான்ராட் எழுந்து வெளியே போய்விடுவான். பேசி முடித்ததும் ரேலீன் வாசலுக்கு வந்து விஷயத்தைச் சொல்வாள்.

"அம்மா கேக்குது, அந்த ஆளுக்கு என்ன ஆச்சு, கால் ஒடிஞ்சு கெடக்கானான்னு."

"நீ என்ன சொன்னே?"

"காலெல்லாம் நல்லாத்தான் இருக்கு, தலைவராயிட்டான்னு சொன்னேன்."

"அதுக்கு?"

"ஐயோ பாவம், எதாச்சும் மருந்து குடுத்தாங்களான்னு கேட்டுச்சு."

பயிற்சிகள் நடந்துகொண்டே இருந்தன. பின்னால் நிற்பவர் பிடித்துக்கொள்வார் என்று நம்பிக் கண்ணை மூடிச் சாய வேண்டும் என்றார்கள். ட்ரெவர் சாய்ந்தார். பின்னால் நின்ற பெண், ஊர் அவருக்கு வைத்திருந்த உறவுப்படி அவரைத் தொடக் கூடாத முறையில் இருந்ததால் விலகிக்கொண்டாள். ட்ரெவருக்குப் பின்மண்டையில் மூன்று தையல். பிறகு ஆளுக்கொரு தலைமை விலங்கைத் தேர்ந்தெடுக்கச் சொன்னார்கள். எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"கூச்சப்படாதீங்க. நான் கழுகு. ட்ரெவரும் கழுகு. கான்ராட், நீங்க?" என்றாள் ஃபிலிப்பா.

கான்ராட் தலையைச் சொறிந்தான். "கழுகு லெஸ்டர் குடும்பத்தோட குலச்சின்னம். அவங்க தாத்தன் வழி. நீங்க கேக்காம எடுத்துக்க முடியாதே."

"பரவால்ல மச்சான்" என்றான் லெஸ்டர். "பின்மண்டைல தையல் போட்ட கழுகு. வச்சுக்கட்டும்."

மழைக்காலம் மழையில்லாமல் போனது. ஃபிலிப்பா நர்ஸ் வீட்டுக்குத் திரைச்சீலை மாட்டினாள், துளசி மாதிரி ஏதோ செடி வைத்தாள். பட்டமளிப்பு விழாவைப் பற்றிப் பேச ஒரு நாள் கான்ராடைக் கூப்பிட்டார்கள்.

"திட்டத்துக்குப் பணம் தர்றவங்க ஒரு பெண் தலைவர் இருக்கணும்னு எதிர்பாக்கிறாங்க" என்றார் ட்ரெவர். "மூத்தவங்களா, உடம்பு முடியாதவங்களா இருந்தா இன்னும் நல்லது. அனுபவத்துல இருந்து வர்ற தலைமை. ஆலிஸ்ல இருக்கிற உங்க மாமியாரைப் போன்ல பிடிச்சுப் பேசினோம். ரொம்பத் தெளிவா இருக்காங்க. நீங்களும் அவங்களும் இணைத் தலைவர்கள். ஒரே மேடை. நேருக்கு நேர் நின்னு, கண்ணோட கண் பாத்து, ஒரு கோலைக் கைமாத்தறீங்க."

கான்ராட் தரையைப் பார்த்தான். அங்கே சொல்லக் கூடாத விஷயத்தைச் சொல்லாமலே விளக்க வேண்டியிருந்தது. "அது எனக்கு... அவங்க எனக்கு அந்த முறை. பக்கத்துலயே வரக் கூடாது."

"தெரியும் தெரியும்!" ட்ரெவர் உற்சாகமானார். "மாமியார் விலக்கு. புதுசா வேலைக்கு வர்றவங்களுக்கு நடத்துற பண்பாட்டுப் பாடத்துல ஆறாவது படமே அதுதான். அந்தப் பாடத்தை எழுதினதே நான்தான்."

"அப்ப?"

"அது ஊர் நடைமுறை. இது நிகழ்ச்சி."

"சுவர்களை உடைக்கிறதுதான் தலைமை, கான்ராட்" என்றாள் ஃபிலிப்பா. "அந்தச் சுவர் உங்க மனசுக்குள்ள இருக்கு."

"இல்ல" என்றான் கான்ராட். "எனக்கும் அவங்களுக்கும் நடுவுல இருக்கு. நல்ல சுவருதான்."

அன்று சாயங்காலம் ரேலீன் விஷயத்தைச் சொன்னாள். அவள் அம்மா எல்லாவற்றுக்கும் சரி என்று சொல்லியிருந்தாள். எதற்குச் சரி என்று அவள் கேட்கவே இல்லை. "தனி விமானம் வச்சு ஊருக்குக் கூட்டிட்டுப் போறாங்களாம். அப்புறம் என்ன, சரிதான்" என்றாளாம். நர்ஸுக்கு வீடு கட்டத் தலைமைத்துவப் பணத்தைத் தொட முடியாது. தலைவர்கள் பறப்பதற்குத் தொடலாம்.

விழா நாளில் சின்ன விமானம் ஒன்று ஓடுபாதையில் இறங்கிய சத்தம் கேட்டதும் கான்ராட் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டான். ஊரே ஓடுபாதைக்கு ஓடியது. அழுகையும் சிரிப்பும் நாய்களின் குரைப்பும் கேட்டன. அவளை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு வருகிறார்கள் என்று சத்தத்தை வைத்தே கணக்குப் பண்ணிக்கொண்டான்.

கிளைப்பந்தலுக்குக் கீழே மேடை. மேடையில் எதிரெதிரே இரண்டு இருக்கை. கைமாற்றுவதற்கான கோலை ஃபிலிப்பா விமான நிலையத்துக் கடையில் வாங்கியிருந்தாள். அதில் முதலையைச் செதுக்கியிருந்தார்கள். அந்தப் பாலைவனத்தில் முதலையை நேரில் பார்த்தவர்கள் யாரும் இல்லை.

"கான்ராட் எங்க?" என்று ட்ரெவர் தேடினார். இரண்டு பேராகப் போய்க் கான்ராடைத் தொட்டிக்குப் பின்னாலிருந்து அழைத்து வந்தார்கள். அவன் நண்டு மாதிரிப் பக்கவாட்டில், முகத்தைத் திருப்பிக்கொண்டே நடந்து வந்தான். அதைப் பார்த்ததும் பெண்கள் எல்லோரும் ஒரே மூச்சாக எழுந்தார்கள். ஆளுக்கொரு கம்பளியை உதறிப் பிடித்து மேடைக்குக் குறுக்கே ஒரு சுவரே கட்டிவிட்டார்கள். இந்தப் பக்கம் அவள். அந்தப் பக்கம் அவன்.

"தயவு செஞ்சு இறக்குங்க!" என்று போட்டோக்காரர் கத்தினார். "ரெண்டு பேரும் ஒரே படத்துல வரணும்!"

ஃபிலிப்பா ஒலிவாங்கியைப் பிடித்தாள். "அன்பான பெண்களே, உங்க வலி எனக்குப் புரியுது. ஒரு குடும்பத்துக்குள்ள பேச்சுவார்த்தை இல்லாமப் போனா எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும். எங்க அம்மாவோட நானே நாலு வருஷமா பேசறதில்லை. இன்னைக்கு இந்த இடத்தை விட்டு யாரும் போக வேண்டாம். இந்த உறவு சரியாகிற வரைக்கும் நாம உக்காந்து பேசுவோம்."

பெண்கள் கம்பளியை இன்னும் உயர்த்திப் பிடித்தார்கள். கை வலித்தவர்கள் முறை மாற்றிக்கொண்டார்கள். டீ வந்தது. யாரோ கங்காரு வாலைச் சாம்பலிலிருந்து எடுத்தார்கள். விமானி வந்து, ஓடுபாதையில் விளக்கு இல்லை, வெளிச்சம் இருக்கும்போதே கிளம்ப வேண்டும் என்றான். இன்னும் படம் எடுக்கவில்லை என்றார் ட்ரெவர். விமானி மறுபடியும் வந்தான். உறவு இன்னும் சரியாகவில்லை என்றாள் ஃபிலிப்பா.

கம்பளிக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு குரல் கேட்டது. கான்ராட் அந்தக் குரலை அவ்வளவு பக்கத்தில் கேட்டதே இல்லை. காதைப் பொத்திக்கொள்ள வேண்டுமா என்று யோசித்தான். ஆனால் அவள் அவனிடம் பேசவில்லை. மகளிடம் பேசினாள்.

"ரேலீன், அந்தச் சுவத்து மேல கறி வச்சிட்டுப் போவானே ஒரு ஆளு, அவனைப் பாத்தா சொல்லு. எல்லாம் நல்லா வெந்திருந்துச்சு. உப்புதான் கொஞ்சம் தூக்கல்."

சிரிப்பு கம்பளி வழியாக ஓடியது. கான்ராட் முகத்தைத் திருப்பிக்கொண்டே, "லெஸ்டர், அந்தப் பக்கம் சொல்லிடு. உப்பைக் கொறைச்சிருவாங்க" என்றான், யாரையும் பார்க்காமல்.

மூன்றாம் முறை விமானி வந்தபோது அவள் ஆட்டுக்கல்லைப் போல நாற்காலியில் அழுத்தி உட்கார்ந்துகொண்டாள். "நான் வரலைப்பா. மெஷினு இங்கதான இருக்கு. அந்த நர்ஸ் பொண்ணு வரட்டும். நான் காத்துக்கிட்டிருக்கேன்."

விமானம் அவளை விட்டுவிட்டுப் போனதா, அவள் விமானத்தை விட்டாளா என்பதில் பின்னால் இரண்டு கருத்து இருந்தது. சுகாதார சேவை இரண்டாவதை ஏற்றுக்கொண்டது. சுயநிர்ணயம் என்று அதற்குப் பெயர் வைத்தது.

மறுநாள் காலை கான்ராட் நர்ஸ் வீட்டுக் கதவைத் தட்டினான். ஃபிலிப்பா காபிக் கோப்பையோடு வந்தாள். உள்ளே ட்ரெவர் ரொட்டி வாட்டிக்கொண்டிருந்தார்.

"வீட்டைக் காலி பண்ணுங்க" என்றான். "இன்னைக்கே. நர்ஸ் நாளைக்கு வந்துருவா. நேத்து கம்பளிக்கு அந்தப் பக்கம் இருந்தவங்களுக்குக் கால் வீங்க ஆரம்பிச்சிருச்சு."

ஃபிலிப்பா கோப்பையை வைத்துவிட்டு அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். "கான்ராட். இங்க எத்தனை பேர் வந்து பாதியில விட்டுட்டுப் போயிருக்காங்க? நானும் அப்படிப் போனா, உங்களைக் கைவிட்ட இன்னொரு வெள்ளைக்காரி ஆயிடுவேன். அந்தத் துரோகத்தை நான் உங்களுக்குச் செய்ய மாட்டேன்."

"செய்யுங்க" என்றான் கான்ராட். "பரவால்ல."

"ஒப்பந்தப்படி ஃபிலிப்பா இந்தப் பருவம் முடியற வரைக்கும் இருந்தாகணும்" என்றார் ட்ரெவர். "நடுவுல கிளம்பினா திட்டம் தோல்வின்னு ஆயிடும். தோத்த திட்டத்துக்கு அடுத்து நர்ஸ் குடுப்பாங்களா? யோசிச்சுப் பாருங்க."

ஹெட்லி பெரியவரும் வந்தார். "நர்ஸ் என் வீட்டை எடுத்துக்கட்டும். நான் வெளியில படுத்துக்கிறேன். இப்பவும் வெளியிலதான் படுக்கிறேன்."

ட்ரெவர் நெகிழ்ந்துபோனார். "பெரிய மனசு, ஹெட்லி. ஆனா ஊழியர் வீடுன்னா முதல்ல பரிசோதகர் வந்து பாத்துச் சான்று தரணும்."

"வரச் சொல்லு."

"வந்தா அவர் எங்க தங்குவார்?"

ரொட்டி கருகிய வாசனை வந்தது.

லெஸ்டர் அம்மாவை ஆலிஸுக்கு வண்டியில் கொண்டுபோகிறேன் என்று கெஞ்சினான். சாவியும் கிடைத்தது. நாய்க்குட்டிகளை நகர்த்தினார்கள். அவள்தான் மறுத்துவிட்டாள். "போய் அந்த அறையில படுத்துச் சாக மாட்டேன்" என்று ரேலீனிடம் சொன்னாள். "அந்த மெஷினு எங்க பேரைச் சொல்லித்தான வாங்கினாங்க. அது என்கிட்ட வரட்டும்."

மெஷின் அவளிடம் வரவில்லை. கிளினிக்கில் வழக்கமாக இருக்கும் நர்ஸ் வந்து பார்த்தாள், கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள், வலி தெரியாமல் இருக்க மருந்து கொடுத்தாள். அந்த மெஷினை இயக்க அவளுக்கு அனுமதி இல்லை. கான்ராட் காய்ந்த ஆற்றுக்கு அந்தப் பக்கம், முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தான். லெஸ்டர் வந்து பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொண்டிருந்தான். இப்போது தூங்குகிறாள். இப்போது மூச்சு வாங்குகிறது. இப்போது நாயைத் திட்டினாள். பிறகு ஒருமுறை வந்து ஒன்றும் சொல்லாமல் உட்கார்ந்தான். அந்தக் கரையிலிருந்து பெண்களின் ஓலம் எழுந்தது. கான்ராட் மண்ணை அள்ளித் தலையில் போட்டுக்கொண்டான். அதற்கு அனுமதி உண்டு.

அவளுடைய பெயர் அன்றோடு ஊரில் இல்லாமல் போனது. அந்தப் பெயரை இனி யாரும் சொல்லக் கூடாது, படத்தைப் பார்க்கக் கூடாது. கடையில் வேலை பார்த்த ஒருத்திக்கும் அதே பெயர். அவளை எல்லோரும் குன்மனாரா என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். பெயர் போய்விட்ட எல்லோருக்கும் அங்கே அதுதான் பெயர். குடும்பத்தார் வீட்டைவிட்டுத் தள்ளிப்போய், துக்கக் கூடாரம் போட்டுத் தரையில் கிடந்தார்கள்.

அவர்கள் திரும்பி வந்தபோது நல்ல செய்திகள் காத்திருந்தன. தலைமைத்துவத் திட்டம் வெற்றிகரமாக முடிந்திருந்தது. ஃபிலிப்பா மெல்போர்னில் இதைவிடப் பெரிய பதவிக்குப் போய்விட்டாள். நர்ஸ் வீடு காலி. திரைச்சீலையைக்கூட விட்டுப்போயிருந்தாள். அடிலெய்டிலிருந்து நர்ஸ் வந்து பெட்டியைப் பிரித்துவிட்டாள். மெஷின்களின் உறை கிழிக்கப்பட்டு, பச்சை விளக்கு எரிந்தது.

டயாலிசிஸ் அறைக்கு மறைந்த தலைவரின் பெயரை வைத்திருந்தார்கள்.

பலகை கிளினிக் கூரை உயரத்துக்கு, சாலையைப் பார்த்து நின்றது. ஆள் உயர எழுத்தில் அவள் பெயர். அதற்குமேல் படம். விழாவில் இரண்டு பேரையும் சேர்த்துப் பிடிக்க முடியாமல் போனதால் தனித்தனியாக எடுத்ததை மெல்போர்னில் ஒட்டவைத்திருந்தார்கள். படத்தில் கான்ராடும் அவன் மாமியாரும் நேருக்கு நேர், கண்ணோடு கண் பார்த்துப் புன்னகைத்துக்கொண்டிருந்தார்கள். பலகையின் அடியில் சின்ன எழுத்தில் ஓர் எச்சரிக்கை: இப்பலகையில் காலமானவர்களின் பெயரும் படமும் இடம்பெற்றிருக்கலாம். அதைப் படிக்கப் பலகைக்கு மிக அருகே போக வேண்டும்.

கான்ராடிடம் யாரோ படத்தில் என்ன இருக்கிறது என்று சொல்லிவிட்டார்கள். அவன் அந்தத் தெருவில் நடப்பதை விட்டான்.

ஊரும் விட்டது. நர்ஸ் தினமும் காலையில் அறையைத் திறந்து, மெஷினைக் கழுவி, யாரும் வராததால் மறுபடி கழுவினாள். ஓர் இரவு யாரோ பலகையைத் தார்ப்பாயால் மூடினார்கள். காற்று அடித்துக்கொண்டு வந்திருக்கும் என்று ட்ரெவர் அதை எடுக்கச் சொன்னார். மறுபடி மூடினார்கள். மறுபடி எடுத்தார்கள். மூன்றாம் முறை, தலைவரின் நினைவைச் சேதப்படுத்துகிறார்கள் என்று சுற்றிலும் கம்பிவேலி போட்டுக் கேமரா வைத்தார்கள்.

நர்ஸ் வற்புறுத்தியதால் ஒரு கூட்டம் கூடியது. கிளினிக்கின் பின்வாசலில், பலகை தெரியாத இடத்தில். ஃபிலிப்பா திரையில் வந்தாள். முன்பைவிடப் பெரிதாக இருந்தாள்.

"முதல்ல ஒண்ணு சொல்லிடறேன்" என்றார் ட்ரெவர். "குடும்பம் வேண்டாம்னு சொன்னா பலகையில இருக்கிற பேரை அன்னைக்கே எடுத்துடுவோம். சமூகம் சொல்றதுதான் எங்களுக்கு வேதம். ஆனா சரியா கேக்கணும். எந்தப் பேரை எடுக்கணும்னு குடும்பத்துல ஒருத்தர் தெளிவா சொல்லணும். கிளினிக்ல நிறையப் பேர் நிறையப் பலகையில இருக்கு. வேற ஒருத்தரோட பேரைத் தப்பா எடுத்துட்டா அது பெரிய அவமரியாதை."

ரேலீன் தரையைப் பார்த்தாள். லெஸ்டர் வானத்தைப் பார்த்தான்.

"அந்தப் பேருதான்" என்றார் ஹெட்லி.

"எந்தப் பேர்?"

"அங்க இருக்கிற பேரு."

"அதைத்தான் கேக்கிறேன். சொல்லுங்க."

"குன்மனாரா" என்றான் கான்ராட்.

ட்ரெவர் மூக்குக்கண்ணாடியைப் போட்டு, தன்னிடம் இருந்த பலகையின் படத்தைப் பார்த்தார். "அப்படி ஒரு பேர் பலகையில இல்லையே, கான்ராட்."

"இந்த மௌனத்தை நான் மதிக்கிறேன்" என்றது திரை. "இதுல எவ்வளவு வலிமை இருக்கு! கான்ராட், அக்டோபர்ல சிட்னில ஒரு மாநாடு. மௌனத்தின் தலைமைன்னு தலைப்பு. நீங்கதான் பேசணும்."

"நீங்களே சொல்லிடுங்களேன்" என்று நர்ஸ் ட்ரெவரிடம் மன்றாடினாள். "எல்லாருக்கும் தெரியுதே எந்தப் பேருன்னு!"

"நான் சொல்லக் கூடாது" என்றார் ட்ரெவர் அதிர்ந்துபோய். "துக்கத்துல இருக்கிற குடும்பம் முன்னாடி இறந்தவங்க பேரைச் சொல்றதா? பாடத்துல ஏழாவது படமே அதுதான்."

குடும்பத்திடமிருந்து எந்த ஆட்சேபமும் வரவில்லை என்று முடிவானது. டீ கொடுத்தார்கள். அந்த மாதக் கடைசியில் நர்ஸ் வேறு ஊருக்குப் போனாள். இருக்கும் சேவையை மக்கள் ஏன் பயன்படுத்துவதில்லை என்று ஆராய ஒருவர் வந்து வீட்டுச் சாவியை வாங்கிக்கொண்டார்.

ஓட்டுநர் யாரும் கிடைக்காததால் வண்டியைக் கான்ராடுக்கே திருப்பிக் கொடுத்தார்கள். குளிர்காலத்தில் ஒரு நாள் காலையில் லெஸ்டர் ஒரு பையோடு வந்து முன்னிருக்கையில் ஏறினான். அவன் கணுக்கால் இரண்டும் செருப்புக்குள் அடங்காமல் பிதுங்கிக்கொண்டிருந்தது. வாரம் மூன்று முறை என்று சொல்லியிருந்தார்கள்.

"பை சின்னதா இருக்கே" என்றான் கான்ராட்.

"அங்க என்ன, டயர் கடையைப் பாத்துக்கிட்டு ஒக்காரப் போறேன். அதுக்கு எத்தனை சட்டை வேணும்?"

"கறி கொண்டாந்து தர்றேன்."

"எனக்கு நீ கையில குடுக்கலாம் மச்சான். சுவத்துல வைக்காத. எதாச்சும் நாய் தூக்கிடும்."

வண்டி கிளம்பியது. ஊரைவிட்டு வெளியே போக அந்த ஒரு சாலைதான். கடை வந்தது, கால்பந்து மைதானம் வந்தது. கிளினிக் வேலி ஆரம்பித்ததும் லெஸ்டர் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டான். கான்ராடும் திருப்பிக்கொண்டான். இரண்டு பேரும் மைதானத்துக் கம்பங்களைப் பார்த்தபடி போனார்கள். எதிரே என்ன வருகிறது என்று யாரும் பார்க்கவில்லை. சாலை நேராக இருந்ததால் ஒன்றும் ஆகவில்லை.